செல்போனா டேபா: ஒரு கல்வி உதவி விண்ணப்பமும் அதைச் சுற்றி எழுந்த வாக்குவாதமும்

பின்னணி

சேரன்மகாதேவி வட்டாரத்தில், தாமிரபரணிக் கரையோரம் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளி. அதன் முன்னாள் மாணவர் சங்கம் 2020இல், கொரோனாவால் வகுப்புகள் மூடிக்கிடந்தபோது, ஒரு உதவித் திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளில் வசதி குறைந்த சிலருக்கு டேப்லெட் வாங்கப் பணம் கொடுப்பார்கள். ஊரில் அதை எல்லோரும் 'டேப்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளின் வீடுகளில் பாதிக்கு மேல் அம்மா பீடி சுற்றுவார். அப்பா கொத்து வேலைக்கோ வயல் வேலைக்கோ போவார். பணம் போடும் உறுப்பினர்கள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். அதனால் சங்கத்தின் பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கும்.

திட்டத்துக்கு ஒரே ஒரு வரி விதி இருந்தது: டேப் வாங்க மட்டுமே உதவி, செல்போனுக்குக் கிடையாது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் அதற்கான தேவையும் வரவில்லை.

நானும் அதே பள்ளியில் படித்தவன்; இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். செயற்குழுவில் எனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. குழுவில் பேச்சு முற்றிய பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டு, நடுவில் இருந்து ஒரு வழி பண்ணித்தரச் சொன்னார். சம்பந்தப்பட்ட குடும்பமும் சங்கமும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். இந்த மாதிரிச் சண்டை எத்தனையோ குழுக்களில் நடக்கிறது. ஒரு பிள்ளையின் படிப்பு இடையில் மாட்டிக்கொண்டு நின்றதால், இந்தச் சண்டை எப்படி வளர்ந்தது, எங்கே அவிழ்ந்தது என்று பதிவு செய்வது மற்றவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

விண்ணப்பம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு தாயிடமிருந்து விண்ணப்பம் வந்தது. மகள் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு. சங்கத்தின் பணம் வர ஆகஸ்ட் ஆகும் என்று கேள்விப்பட்டு, அவர் முன்கூட்டியே தவணையில் ஒரு கருவி வாங்கிவிட்டார். 6.8 அங்குலத் திரை கொண்ட ஆண்ட்ராய்டு போன். கூடவே திரையில் எழுத, தனியாக விற்கும் ஒரு பேனா. "பெரிய போன்தான், டேப் மாதிரியே இருக்கு, பிள்ளை நல்லாப் படிக்கா" என்று கடிதத்தில் எழுதி, ரசீதை இணைத்து, டேபுக்குத் தரும் தொகையைத் தமக்குத் தரும்படி கேட்டிருந்தார்.

ஏன் டேப் வாங்கவில்லை என்பதற்குக் காரணமும் எழுதியிருந்தார். வீட்டில் இருந்தது ஒரு பழைய பட்டன் போன். வகுப்புச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. மகளிர் குழுக் கடன், ரேஷன், வங்கி எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட்போன் கேட்கிறார்கள். இரண்டு கருவி வாங்க வழியில்லை. ஒன்றிலேயே இரண்டு வேலையும் முடியட்டும் என்று நினைத்தார்.

வாக்குவாதம் போன விதம்

செயலாளர் கடிதத்தைக் குழுவில் போட்ட அன்றே பேச்சு தொடங்கியது. பொருளாளர் ஊரிலேயே இருக்கும் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். எல்லோரும் அண்ணாச்சி என்று அழைப்பவர். அவருடைய முதல் பதில்: "செல்போன்னா செல்போன்தான். அதுல என்ன பெருசு சிறுசு?" பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர், 7 அங்குலத்தை டேப் என்று ஒத்துக்கொள்கிறோமே, 6.8க்கும் 7க்கும் நடுவில் இருப்பது இரண்டே புள்ளி, அது என்ன பெரிய வேறுபாடு என்று கேட்டார். பொருளாளர் விடவில்லை: "சரி தம்பி, நாளைக்கு ஒருத்தன் ஆறரை இஞ்சுல வாங்கிட்டு வந்து நிப்பான். அதுக்கு அடுத்தவன் ஆறு. எங்க போயி நிப்பாட்டுவிய?"

இதுவரை எல்லாம் நியாயமான பேச்சு. இரண்டு பேரும் உண்மையான சிக்கலைத்தான் தொட்டார்கள். பெங்களூருக்காரர் அடுத்து எழுதியது ஒரு பெயர்: 'ஸ்லிப்பரி ஸ்லோப்'. அதாவது, ஒன்றை அனுமதித்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று பயமுறுத்தும் தர்க்கப் பிழை. பொருளாளருக்கு அது புரியவில்லை. தன்னை ஏதோ கேலி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய உறவினரான ஒரு இளம் வழக்கறிஞர் பதிலுக்கு, இரண்டு புள்ளி வேறுபாடு என்று சொல்வதும் ஒரு பிழைதான், கோடு துல்லியமாக இல்லை என்பதற்காகக் கோடே இல்லை என்று சொல்ல முடியாது என்று எழுதி, அதற்கும் ஒரு ஆங்கிலப் பெயர் வைத்தார்.

அப்புறம் பேச்சு பெயர்களிலேயே நடந்தது. பேச முடிகிற கருவி டேப் ஆகாது என்றார் ஒருவர். சிம் போட்டுப் பேசும் டேப் என் வீட்டிலேயே இருக்கிறது என்றார் இன்னொருவர். "அது அசல் டேப் இல்லை" என்று பதில் வந்தது. உடனே அதற்கு 'உண்மையான ஸ்காட்லாந்துக்காரர்' என்று பெயர் சூட்டினார்கள். எதிர் உதாரணம் வரும்போதெல்லாம் 'அது அசல் இல்லை' என்று தள்ளிவிடும் வழக்கத்துக்கு ஆன்டனி ஃப்ளூ என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் வைத்த பெயர் அது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் உறுப்பினர், இந்த அளவை விற்பனையில் செல்போன் என்றுதான் எழுதுகிறோம் என்றார். நீங்கள் விற்பவர், அப்படித்தான் சொல்வீர்கள் என்று ஒருவர் எழுத, அது ஆளைத் தாக்கும் பிழை என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கண்டித்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அந்தப் பெண் பிள்ளையின் பெயர் கடைசி மூன்று நாள் பேச்சில் ஒரு முறைகூட வரவில்லை. முதல் தவணை கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கவனித்தவை: அளவு

முழுப் பேச்சையும் முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் திரையை மூலைக்கு மூலை அளந்த ஒற்றை எண்ணை வைத்தே வாதாடியிருந்தார்கள். சிக்கலின் பாதி அந்த எண்ணிலேயே இருந்தது.

2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். 2010இல் டெல் நிறுவனம் 5 அங்குலத்தில் ஸ்ட்ரீக் என்ற கருவியைக் கொண்டுவந்தபோது அதைச் சிறிய டேப் என்று சொன்னவர்கள் உண்டு. 2011இல் சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத்தில் வந்தது. காதில் வைக்க முடியாத அளவு பெரிது என்று பலர் எழுதினார்கள்; ஓராண்டுக்குள் ஒரு கோடி விற்றதாக நிறுவனம் அறிவித்தது. போனும் டேபும் கலந்த 'ஃபேப்லெட்' என்ற பெயர் பரவியது அந்தக் காலத்தில்தான். ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 5.5 அங்குலம் முதல் 7க்குக் கீழ் வரை உள்ளவற்றை அந்தப் பெயரில் எண்ணியது. 2014இல் ஆப்பிளும் 5.5 அங்குலத்துக்கு வந்தது. இன்றைக்குக் கடையில் போய் 5.5 அங்குலம் கேட்டால் சின்ன போன் என்பார்கள்.

இந்த மாற்றம் முழுவதும் திரை வளர்ந்ததால் மட்டும் வந்ததில்லை. 2017 வாக்கில் திரையின் வடிவம் மாறியது. அதுவரை 16க்கு 9 என்ற விகிதத்தில் இருந்த திரைகள் 18க்கு 9, பிறகு 20க்கு 9 என்று நீண்டு ஒடுங்கின. மூலைக்கு மூலை அளவு கூடியது, அகலம் ஏறவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011ஆம் ஆண்டு கேலக்ஸி நோட்டின் 5.3 அங்குலத் திரை 16க்கு 10 விகிதம். அதன் அகலம் 7.1 செ.மீ. இந்தத் தாய் வாங்கிய 6.8 அங்குலப் போன் 20க்கு 9 விகிதம்; அகலம் 7.1 செ.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி, ஒன்றரை அங்குல வேறுபாடு, ஆனால் அகலம் அப்படியே நிற்கிறது.

மறுபக்கம், 7 அங்குல டேப் என்பது பொதுவாக 16க்கு 10 விகிதம். அகலம் 9.4 செ.மீ. திரையின் பரப்பு 142 சதுர செ.மீ.; 6.8 அங்குலப் போனின் பரப்போ 112. எண்ணில் இரண்டே புள்ளி வேறுபாடு, பரப்பில் கால் பங்குக்கும் மேல். சங்கம் வழக்கமாக வாங்கித்தரும் 8.7 அங்குல டேபின் அகலம் 11.4 செ.மீ., பரப்பு 215. போனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பத்தமடையில் பாய் வாங்கப் போகிறவர் யாரும் மூலைக்கு மூலை எவ்வளவு என்று கேட்பதில்லை. எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் கேட்பார். ஆண்ட்ராய்டு இயங்குதளமும் இப்படித்தான் பார்க்கிறது. 2011இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, திரையின் குறுகிய பக்கம் 600 அலகு இருந்தால் டேபுக்கு உரிய அமைப்பைக் காட்டும் வழி செயலி எழுதுபவர்களுக்குக் கிடைத்தது. ஒரு அலகு என்பது தோராயமாக அங்குலத்தில் 160இல் ஒரு பங்கு. அப்படியானால் 600 அலகு 9.5 செ.மீ. பக்கம் வருகிறது. அங்கும் கணக்கில் எடுப்பது குறுகிய பக்கத்தைத்தான்.

ஆக, 'இரண்டு புள்ளிதானே' என்ற வாதம் ஆட்டம் காண்கிறது. ஆனால் இதை வைத்துப் பொருளாளர் வென்றுவிட்டார் என்று சொல்லவும் முடியாது. பேச முடிகிறதா, சிம் இருக்கிறதா என்பதைப் பார்த்துப் பிரித்தால், சிம் போடும் டேபும் வெளியே போக வேண்டும். அப்படி இரண்டு டேபுகளைச் சங்கமே முந்தைய ஆண்டு வாங்கிக் கொடுத்திருந்தது.

கவனித்தவை: போலிகள்

பிழைகளுக்குப் பெயர் சொல்வதில் எனக்கு மறுப்பு எதுவும் கிடையாது. நம் இலக்கியத்திலேயே அதற்கு ஒரு முழுக் காதை இருக்கிறது. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். சரியானது போலத் தோன்றும் தவறான வாதத்துக்குப் போலி என்று பெயர். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று அவற்றை வகை வகையாக விரிக்கிறார். ஆனால் அவர் போலிகளுக்கு வரும் முன்பே பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற மூன்றையும் நிறுத்துகிறார்: நான் நாட்ட விரும்புவது இது, அதற்குக் காரணம் இது, எடுத்துக்காட்டு இது. இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. இந்த மூன்றும் கண்முன் நின்றால்தான் எது உடைந்திருக்கிறது என்று காட்ட முடியும். குழுவில் யாரும் இந்த மூன்றையும் முழுதாக எழுதவில்லை. எதிராளியின் அரை வாக்கியத்துக்குப் பெயர் சூட்டியதோடு நின்றார்கள்.

நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில், அதாவது நூலாசிரியர் எடுக்கும் ஏழு வகை நிலைப்பாடுகளில், 'பிறர்நூல் குற்றம் காட்டல்' ஒன்று. தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்தும் 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு' இன்னொன்று. குழுவில் முன்னது மட்டுமே நடந்தது. தன் கட்சி எது என்று நாட்டாதவனை யாராலும் மறுக்க முடியாது. அவனால் எதையும் தீர்க்கவும் முடியாது.

சூட்டிய பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பொருளாளரின் 'எங்க போயி நிப்பாட்டுவிய' என்ற கேள்வியைச் சரிவுப் பிழை என்றார்கள். நடுவில் நிறுத்தும் இடம் இருந்தும் இல்லாதது போலப் பேசினால்தான் அது பிழை. இங்கே விதியில் நிறுத்தும் இடம் எழுதப்படவே இல்லை. முன்னுதாரணம் பார்த்து அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவர்கள் இருக்கிற சங்கத்தில் அது பொறுப்பான கேள்வி. அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

செல்போன் கடைக்காரரைப் பற்றிச் சொன்னதும் அப்படியே. ஒருவருக்கு விற்பனையில் ஆதாயம் இருக்கிறது என்று சுட்டுவது தவறாகாது. அவர் வாக்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதே என்ற எச்சரிக்கை அது. அவர் சொன்ன செய்தி பொய் என்பதற்கு மட்டும் அது சான்றாகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் அந்த வேகத்தில் பொறுமை இருக்கவில்லை.

பெங்களூருக்காரரின் வாதத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். மணல் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால் எந்த மணியில் அது குவியல் இல்லாமல் போகும் என்று கேட்ட கிரேக்கர் யூபுலிடீஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அந்தக் கேள்வி உலகத்தின் எல்லாக் கோடுகளுக்கும் பொருந்தும். ஓட்டுப் போடும் வயது 21ஆக இருந்தது. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1989இல் 18 ஆனது. பதினெட்டாவது பிறந்தநாள் இரவில் ஒருவருக்குத் திடீரென்று அறிவு வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நோக்கத்துக்காக ஒரு இடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும், அதனால் போட்டார்கள். கோடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்தால், எங்கே போடலாம் என்பது தெரியும். குழுவில் எழுந்த சண்டைக்கு என்னுடைய கணிப்பு இதுதான்: செல்போன் வேண்டாம் என்ற விதி எதற்காக எழுதப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பிள்ளையின் தேவையை விதியின் பொருளிலிருந்து பிரிப்பது. முதல் தவணைத் தொகையைத் தலைவர் தம் பொறுப்பில் கைமாற்றாகக் கொடுத்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் சங்கம் அவருக்குத் தரும். இல்லாவிட்டால் அந்தத் தாய் மெதுவாகத் திருப்பித் தருவார். தவணை நாள் நெருங்குகிற பயம் நீங்கிய பிறகே நிதானமாகப் பேச முடியும் என்று நினைத்தோம். அது சரியாகவே நடந்தது.

இரண்டாவது, இந்தப் பொருள் முடியும்வரை குழுவில் எந்தத் தர்க்கப் பிழையின் பெயரையும் யாரும் எழுதக் கூடாது. பிழை தெரிந்தால் எந்த வரி தவறு, ஏன் தவறு என்று சாதாரணத் தமிழில் எழுதலாம். கருத்துச் சொல்பவர்கள் முதலில் தாங்கள் நாட்டுவது, காரணம், எடுத்துக்காட்டு மூன்றையும் எழுத வேண்டும். சிலர் இதைப் பள்ளிப்பிள்ளை வேலை என்றார்கள். ஆனால் அப்படி எழுத உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர் பாதியிலேயே தம் கருத்தை மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன். பொருளாளர் தம் பேரனிடம் சொல்லி எழுதவைத்து அனுப்பினார். அதில்தான் அவருடைய உண்மையான கவலை முதல் முறையாக வெளிவந்தது: "பிள்ளைக்குன்னு குடுத்தது வீட்டு ஆம்பளை கைக்குப் போயிரும்."

மூன்றாவது, தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். 2020ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பில் செல்போன் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதியிருந்தன. சின்னத் திரையில் பாடப் பக்கம் படிக்கக் கண் வலிக்கும். செல்போன் என்றால் வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள், பிள்ளைக்கு நேரம் கிடைக்காது. சொந்த எண் உள்ள போனைப் பிள்ளை கையில் கொடுக்கப் பெற்றோர் சிலர் தயங்குகிறார்கள். இந்த மூன்றில் திரையின் அளவுக்குத் தொடர்புள்ளது ஒன்றே ஒன்று. குழுவில் நடந்த பேச்சில் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

பள்ளியில் பார்த்தது

ஒரு சனிக்கிழமை காலை பள்ளியில் கூடினோம். பொருளாளர், செயலாளர், கடைக்காரர், வகுப்பாசிரியை, அந்தத் தாயும் மகளும். வெளியூர்க்காரர்கள் காணொளியில் சேர்ந்தார்கள். மேசையில் அந்தப் போனும் சங்கத்தின் பழைய 8.7 அங்குல டேபும் இருந்தன. இரண்டிலும் வேதியியல் ஆசிரியை அனுப்பிய ஒரே பிடிஎஃப் குறிப்பைத் திறந்தோம்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. போனை நேராகப் பிடித்தால் பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அச்செழுத்தின் அளவைப் புள்ளியில் சொல்வார்கள்; 12 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆகிறது. படிக்க முடியாது. டேபில் அதே எழுத்து ஆறரைப் புள்ளி. இளங்கண்ணுக்கு ஒருவாறு படிக்கலாம், படமும் அதன் கீழ் உள்ள கேள்வியும் ஒன்றாகத் தெரியும். போனைக் குறுக்கே திருப்பினால் எழுத்து 9 புள்ளிக்கு வருகிறது, ஆனால் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும். மாணவி அப்படித்தான் படித்துவந்தாள். படம் ஒரு பக்கம், கேள்வி ஒரு பக்கம் என்று மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று ஆசிரியையிடம் சொன்னாள். பேனாவால் சமன்பாடு எழுதிக் காட்டினாள், அழகாக எழுதினாள்.

பிறகு வகுப்பாசிரியை ஒரு கேள்வி கேட்டார்: "போன் எப்ப உங்கிட்ட இருக்கும்மா?" அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவே பதில் சொன்னார். பகலில் அவர் பீடிக் கடைக்குப் போகும்போது போன் அவரோடு போகும், எல்லாச் செய்தியும் அந்த எண்ணுக்கு வருவதால். மாலையில் அண்ணன் வேலை விஷயமாகப் பேச எடுப்பான். இரவு ஒன்பது மணிக்கு மேல் மகளுக்கு. அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரே கருவிதான் வாங்க முடிந்தது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார். நாம்தான் அங்குலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பொருளாளர் குழுவில் சொன்ன காரணம் வலுவில்லாதது. அவருடைய கவலை உண்மையானது. வாதம் பிழை என்று காட்டிவிட்டால் முடிவும் பொய்யாகிவிடும் என்று குழுவில் பலர் நினைத்திருந்தார்கள். அந்த மேசையில் அது அப்படி இல்லை என்று எல்லோரும் பார்த்தோம். பெங்களூருக்காரர் காணொளியில் இருந்தபடியே, "அண்ணாச்சி, இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பேசியிருக்கவே மாட்டேன்" என்றார். "கேட்டாத்தானலே சொல்லுவேன்" என்றார் பொருளாளர்.

வழி கடைக்காரரிடமிருந்து வந்தது. அம்மாவின் எண் உள்ள சிம்மைப் பழைய பட்டன் போனுக்கு மாற்றிவிடலாம். வங்கியும் ரேஷனும் அனுப்பும் குறியீட்டு எண் குறுஞ்செய்தியாக அதிலேயே வரும். பெரிய போனில் நெட்டுக்கு மட்டும் ஒரு புது சிம் போடலாம். சொன்னபடி அங்கேயே மாற்றிக் காட்டினார். காலையில் வீட்டுப் போனாக இருந்த கருவி, சிம் மாறியதும் ஒரு மாணவியின் படிப்புக் கருவி ஆனது. திரையின் அளவு அப்படியேதான் இருந்தது.

தீர்ப்பும் புது விதியும்

விண்ணப்பத்தை விதிவிலக்காக ஏற்றோம். அந்த ஆண்டு டேபுக்கு நிர்ணயித்த தொகை வரை சங்கம் தந்தது. மீதியைக் குடும்பம் கட்டியது. புது சிம்முக்கு மாதந்தோறும் ஆகும் செலவை ஒரு உறுப்பினர் ஏற்றுக்கொண்டார். பெரிய பக்கங்களைப் படிக்க, பள்ளியில் இருக்கும் பழைய டேபை மாணவி மதிய இடைவேளையில் பயன்படுத்தலாம் என்று ஆசிரியை ஒத்துக்கொண்டார்.

விதியையும் மாற்றி எழுதினோம். அதில் இப்போது செல்போன், டேப் என்ற சொற்கள் இல்லை. திரையின் குறுகிய பக்கம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டின் முதன்மை எண் அந்தக் கருவியில் இருக்கக் கூடாது. மாலை ஆறு மணி முதல் பிள்ளை தூங்கப்போகும்வரை கருவி பிள்ளையிடம் இருக்கும் என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதற்காக என்று ஒரு வரி எழுதினோம். 10 என்பது ஏன், 9.9 ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டார். 8 அங்குல டேபின் குறுகிய பக்கம் 10.8 வருகிறது, அதற்குக் கீழே ஏ4 பக்கம் படிக்கச் சிரமம், எண் முழுதாக இருந்தால் நினைவில் நிற்கும் என்று பதில் எழுதினோம். மடித்து விரிக்கும் போன்களும் பேச்சில் வந்தன. விலை சங்கத்தின் எல்லைக்குள் இல்லாததால் அதை விட்டுவிட்டோம்.

பின்பு நடந்தது

அரையாண்டுத் தேர்வு வரை ஏற்பாடு நன்றாகவே ஓடியது. ஜனவரியில் அண்ணனின் போன் உடைந்தது. சில வாரங்கள் பெரிய போன் அவனோடு போனது. மாணவி வீட்டுப்பாடம் அனுப்பாததைக் கவனித்து வகுப்பாசிரியைதான் விசாரித்தார். சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. பொருளாளரே நேரில் போய்ப் பேசினார். குடும்பம் அண்ணனுக்குப் பழைய போன் ஒன்றை வாங்கிய பிறகு கருவி திரும்பி வந்தது. மாணவி பிளஸ் டூ போய்விட்டாள்.

வெளியேறிய இருவரில் ஒருவர் குழுவுக்குத் திரும்பினார். மற்றவர் ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறார். குழுவில் சேர மறுத்துவிட்டார். ஒரு வாரப் பேச்சில் நாற்பது ஆண்டுப் பழக்கம் ஒன்று அறுந்துபோனது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

அடுத்த ஆண்டு புது விதிப்படி வந்த விண்ணப்பங்களில் அங்குலத்தைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. ஒருவர் 7 அங்குலக் கருவிக்கு ரசீது கொண்டுவந்தார். அளவுகோல் வைத்துக் காட்டியதும் கடையில் மாற்றி வாங்கிக்கொண்டார்.

மாற்ற வேண்டியவை

விதி எழுதும் நாளிலேயே அதன் காரணத்தையும் விதியோடு சேர்த்து எழுத வேண்டும். 2020இல் காரணம் எழுதப்பட்டிருந்தது, ஆனால் தீர்மானப் புத்தகத்தில். விதி மட்டும் தனியாகக் குழுவில் சுற்றிவந்தது. இப்போது இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

விண்ணப்பித்தவரைப் பற்றிப் பேசும் முன் அவரிடம் பேச வேண்டும். ஆசிரியை கேட்ட ஒரு கேள்வியை முதல் நாளே தொலைபேசியில் கேட்டிருக்கலாம். இனி எந்த விண்ணப்பமும் குழுவுக்கு வரும் முன் செயலாளரும் வகுப்பாசிரியையும் வீட்டுக்குப் போய் வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

தர்க்கப் பிழைப் பெயர்களுக்கான தடையை, பொருள் முடிந்ததும் நீக்கிவிட்டோம். நிரந்தரத் தடை வேண்டாம் என்பது என் கருத்து. பெயர் தெரிந்தவர்கள் அதைத் தமக்குள் வைத்துக்கொண்டு, எந்த வரி ஏன் தவறு என்று விளக்கினால் போதும்.

கருவி பிள்ளையிடம்தான் இருக்கிறதா என்பதைச் சரிபார்க்கும் வழிதான் இன்னும் சரியாக அமையவில்லை. பெற்றோர் கையெழுத்து ஜனவரியில் உதவவில்லை. வகுப்பாசிரியை மாதம் ஒருமுறை பிள்ளையிடம் கேட்டு ஒரு வரி எழுதி அனுப்பலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. ஆசிரியைகளுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பதால் பொருளாளர் தாமே அந்த வேலையை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஜூன் கூட்டத்தில் அதை முடிவு செய்வார்கள்.